எக்ஸ்டென்ஷன் போட்டா புரோகிராமர் இல்லையா?

இன்னிக்கு எழுத நினைச்சது வேற விஷயம். அதை அப்புறம் பார்த்துக்கலாம். இந்தக் கோபத்தை முதல்ல எழுதிடுறேன்.

எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்கார். (நாங்க கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற சின்ன கம்பெனி. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.) நல்லா கேள்வி கேக்குற பையன். அவர் பக்கத்துல உக்காந்து ஒரு பக் பார்த்துட்டிருந்தோம். விஎஸ் கோட் திறந்திருக்கு, ஆனா அவரா போட்ட எக்ஸ்டென்ஷன் ஒண்ணு கூட இல்ல. ஒரு ஃபங்ஷன் பேரை ஒரு எழுத்து மாத்தி அடிச்சிருக்கார். எடிட்டர் ஒண்ணும் சொல்லல. பிரவுசர்ல போய் பேஜைத் திறந்து, பில்லைச் சேவ் பண்ணப் போனப்பதான் வெடிக்குது.

"ஏன் தம்பி, பிஎச்பிக்கு இன்டெலிஃபென்ஸ் எக்ஸ்டென்ஷன் போடலையா நீங்க?"

"இல்லைங்க்கா. காலேஜ்ல சார் சொன்னாருங்க, எக்ஸ்டென்ஷன் போட்டு எழுதுறவன் புரோகிராமரே இல்ல, அதெல்லாம் சோம்பேறிங்களுக்குன்னு."

அந்த சார் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஆனா இதே பேச்சை நான் வேற வேற வாயில கேட்டிருக்கேன். வெறும் எடிட்டர்ல எழுதுறவன்தான் கெட்டிக்காரன், மத்தவன்லாம் கலர் பார்த்து எழுதுறவன்னு. இதை நம்பி ஒரு பையன் தினமும் ரெண்டு மணி நேரத்தை வீணடிக்கிறார்ங்கறதுதான் எனக்குத் தாங்கல.

முதல்ல ஒண்ணு. "வெறும் விஎஸ் கோட்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. எக்ஸ்டென்ஷன் பேனல்ல தேடுற இடத்துல "@பில்ட்இன்"னு (இங்கிலீஷ்லதான்) அடிச்சுப் பாருங்க. ஒரு நீளமான லிஸ்ட் வரும். கிட் சப்போர்ட் ஒரு எக்ஸ்டென்ஷன். டைப்ஸ்கிரிப்ட் சப்போர்ட் ஒரு எக்ஸ்டென்ஷன். கலர் தீம் எல்லாம் எக்ஸ்டென்ஷன். மைக்ரோசாஃப்ட்காரங்களே தங்களோட எடிட்டரை அப்படித்தான் கட்டியிருக்காங்க. 2015 ஏப்ரல்ல இந்த எடிட்டர் வெளிய வந்தப்ப வெளியாட்கள் எக்ஸ்டென்ஷன் எழுத வழி இல்ல. அந்த வருஷம் நவம்பர்லதான் சோர்ஸ் கோடையும் திறந்து விட்டாங்க, எக்ஸ்டென்ஷனுக்கும் கதவைத் திறந்தாங்க. அதுக்கப்புறம் அது வளர்ந்த வேகம் நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் பழசுக்குப் போகலாம். பெரிய பெரிய ஆளுங்க ஈமாக்ஸ்ல எழுதினாங்கன்னு பெருமையாச் சொல்றோம்ல? அந்த ஈமாக்ஸ் 1976-ல எம்ஐடில எப்படிப் பிறந்துச்சு? டெக்கோன்னு ஒரு எடிட்டர் இருந்துச்சு. அதுக்கு ஆளாளுக்கு மேக்ரோ எழுதி வச்சிருந்தாங்க. ரிச்சர்ட் ஸ்டால்மேனும் கை ஸ்டீலும் சேர்ந்து அதை ஒழுங்குபடுத்தி ஒரே தொகுப்பா ஆக்கினதுதான் ஈமாக்ஸ். பேரே "எடிட்டர் மேக்ரோஸ்"ங்கறதோட சுருக்கம். இன்னொரு எடிட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் மூட்டைதான் அந்தப் புகழ்பெற்ற எடிட்டரே! விம் ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, அவங்க பிளகின் லிஸ்டை எவ்வளவு ஆசையாக் காட்டுவாங்கன்னு. நம்ம தொழில்ல எடிட்டரைத் தன் கைக்கு ஏத்த மாதிரி வளைக்கிறது அம்பது வருஷப் பழக்கம். அதுக்குப் பேரு சோம்பேறித்தனமா?

கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார். அவருக்குச் சுவர் கட்டத் தெரியாதுன்னு யாராவது சொல்வாங்களா? கண்ணு ஏமாறும், குண்டு ஏமாறாதுன்னு அவருக்குத் தெரியும். எனக்கு எக்ஸ்டென்ஷன்னா அதுதான். எனக்குப் பதிலா எழுதித் தர்றது பெரிசில்ல. என் கண்ணுக்குத் தெரியாததை, நான் டைப் பண்ற அந்த நிமிஷமே காட்டணும். அதைச் செய்யுறதுதான் எனக்கு நல்ல எக்ஸ்டென்ஷன்.

கிட்லென்ஸ்ங்கற எக்ஸ்டென்ஷனைச் சொல்றேன், புரியும்.

எங்க பில் பிரின்ட் பண்ற ஃபங்ஷன்ல ஒரு வரி உண்டு. பில் தேதி 2017 ஜூலை 1-க்கு முன்னாடின்னா வேற ஒரு பழைய ஃபங்ஷனுக்குப் போயிடும். அந்தப் பழைய ஃபங்ஷன் பாக்கவே சகிக்காது. கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கோடைச் சுத்தம் பண்ணிட்டு வந்தவர், "இப்ப யாரு 2017 பில் போடப் போறா, தூக்கிடலாமா"ன்னார். நியாயமான கேள்விதான். கர்சரை அந்த வரியில வச்சதும், வரி ஓரத்துல மங்கலா எழுத்து வந்துச்சு: யார் எழுதினது, எப்ப எழுதினது, என்ன சொல்லிச் சேவ் பண்ணினாங்கன்னு. எழுதினவர் இப்ப வேற ஊர்ல வேற வேலையில இருக்கார். ஆனா அவர் விட்டுட்டுப் போன கமிட் மெசேஜ் அங்கயே இருந்துச்சு. கடைக்காரர் ஒருத்தர் ஆடிட்டருக்காகப் பழைய பில்லை ரீப்ரின்ட் எடுத்திருக்கார். வாட் போட்டு வித்த பொருளுக்கு ஜிஎஸ்டி போட்டு பில் வந்திருக்கு. அதுக்காகப் போட்ட வரி இது.

ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1. அதுக்கு முன்னாடி பில்லுக்கு வாட். அந்த வரி போயிருந்தா எந்த டெஸ்ட்லயும் மாட்டியிருக்காது. என்னிக்கோ ஒரு நாள், ஏதோ ஒரு கடையில, ஒரு பழைய பில்லை எடுக்கும்போது தப்பான வரியோட பிரின்ட் ஆகியிருக்கும்.

இதுல புத்திசாலித்தனம் எல்லாம் கிட்டோடது. கிட் பிளேம்னு டெர்மினல்ல அடிச்சாலும் இதே தகவல் வரும். ஆனா அடிப்போமா? ஒரு வரியைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் டெர்மினலுக்குப் போய் பிளேம் பார்க்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கு? கர்சர் இருக்கிற இடத்துலயே வந்து நின்னாத்தான் நாம பார்ப்போம். (இப்ப விஎஸ் கோடுக்குள்ளயே வரி ஓரத்துல பிளேம் காட்டுற வசதி வந்துடுச்சு, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணிக்கணும். அது மட்டும் போதும்னா கிட்லென்ஸே வேண்டாம்.)

ஒரு கிளைக்கதை. ப்ரெட்டியர்னு ஒண்ணு, 2017-லேர்ந்து இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஒரே பாணியில அடுக்கி வச்சுடும். டேபா ஸ்பேஸா, கமா முன்னாடியா பின்னாடியான்னு எங்க டீம்ல நடந்த சண்டைக்கு அதுதான் முற்றுப்புள்ளி வச்சுச்சு. யாரு சொன்னதும் நடக்கல, ப்ரெட்டியர் சொன்னது நடந்துச்சு, எல்லாரும் நிம்மதி ஆயிட்டாங்க. ஆனா பழைய ஃபைல் மொத்தத்தையும் ஒரே நாள்ல ஃபார்மேட் பண்ணினா என்ன ஆகும்? ஒவ்வொரு வரிக்கும் பிளேம்ல அந்த ஃபார்மேட் பண்ணின ஆள் பேரு வரும். மேல சொன்ன ஜிஎஸ்டி கதை மாதிரி பொக்கிஷம் எல்லாம் மூடிப் போயிடும். இதுக்கு வழி இருக்கு. கிட் 2.23-லேர்ந்து (2019) "இந்தக் கமிட்டைக் கணக்குல எடுத்துக்காதே"ன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சு, கிட் செட்டிங்ல அந்த ஃபைல் பேரைக் கொடுத்துடலாம். பிளேம் அந்த ஃபார்மேட் கமிட்டைத் தாண்டி உண்மையா எழுதின ஆளைக் காட்டும். ப்ரெட்டியர் போடப் போற டீம் எல்லாம் முதல் நாளே இதைப் பண்ணி வச்சுடுங்க, ப்ளீஸ்.

சரி, நம்ம தம்பி கதைக்கு வர்றேன். இன்டெலிஃபென்ஸ் போட்டோம். கூடவே எரர் லென்ஸும். இன்டெலிஃபென்ஸ் தப்பைக் கண்டுபிடிக்கும், எரர் லென்ஸ் அதை அந்த வரி முடிவுலயே எழுதிக் காட்டும். மவுஸைக் கொண்டுபோய் அடிக்கோட்டுக்கு மேல வைக்க வேண்டியதில்ல. ஃபைலைத் திறந்ததும் அந்த ஃபங்ஷன் பேருக்கு நேரா சிவப்புல "இப்படி ஒரு ஃபங்ஷனே இல்ல"ன்னு வந்து நின்னுச்சு. அவர் முகத்தைப் பார்க்கணுமே! "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டு, மத்த ஃபைலையெல்லாம் திறந்து பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

எரர் லென்ஸ் சில பேருக்குப் பிடிக்காது, கண்ணை உறுத்துதும்பாங்க. எனக்கு அந்த உறுத்தல் வேணும்.

இந்த இன்டெலிஃபென்ஸ் மாதிரி விஷயம் எப்படி வேலை செய்யுதுங்கறதும் அழகு. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா எழுதணும். எட்டு எடிட்டர், பத்து மொழின்னா எம்பது தடவை அதே வேலை. 2016 ஜூன்ல மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூணு பேரும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்னு ஒண்ணை அறிவிச்சாங்க. மொழியைப் புரிஞ்சுக்கிற வேலையை ஒரு தனி புரோகிராம் பார்க்கும். எடிட்டர் அதுகிட்ட ஜேசன்ல கேள்வி கேக்கும்: "இந்த வரியில, இந்த இடத்துல இருக்கிற பேரு எங்க டிக்ளேர் ஆகியிருக்கு?" பதில் வரும். எம்பது வேலை பதினெட்டா குறைஞ்சு போச்சு. நியோவிம் 2021-ல (0.5 வெர்ஷன்ல) இதை உள்ளயே சேர்த்துடுச்சு. ஈமாக்ஸ் 29-ல எக்லாட்னு கூடவே வருது. அதனால இந்தப் பதிவு விஎஸ் கோட் விளம்பரம் இல்ல. இந்தப் புரோட்டோகால் தெரிஞ்ச எந்த எடிட்டர்ல நீங்க இருந்தாலும் அந்த சர்வர் உங்களுக்குக் கிடைக்கும்.

அப்புறம் டீபக். வார் டம்ப் போட்டுப் போட்டு பக் தேடுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். பிஎச்பிக்கான எக்ஸ்டீபக்கும், பிஎச்பி டீபக்ங்கற விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனும் போட்டா, வேணுங்கற வரியில கோடை நிறுத்தி, அந்த நொடியில ஒவ்வொரு வேரியபிள்லயும் என்ன இருக்குன்னு பார்க்கலாம். போட்டுட்டு "நிக்கவே மாட்டேங்குது"ன்னு விட்டவங்க நிறைய பேரு. பெரும்பாலும் காரணம் போர்ட் நம்பர். பழைய வீடியோ, பழைய கட்டுரை எல்லாம் 9000-னு சொல்லும். எக்ஸ்டீபக் 3 வந்ததுலேர்ந்து (2020 கடைசி) அது 9003. அதை மாத்திப் பாருங்க, பாதிப் பேருக்கு நின்னுடும்.

இப்ப மறுபக்கம். எல்லாத்தையும் போட்டுக்கங்கன்னு நான் சொல்லல. ஒரு நண்பர் எடிட்டரைத் திறந்தா டீ குடிச்சுட்டு வர்ற அளவுக்கு நேரம் ஆகும். பார்த்தா, எப்பவோ ஒரு நாள் பைத்தான் கத்துக்கலாம்னு போட்டது, ஃப்ளட்டருக்குப் போட்டது, மூணு ஐகான் தீம், எல்லாம் அப்படியே கிடக்கு. விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன்களைத் தனி புராசஸ்ல ஓட்டுது. அதனால ஒரு மோசமான எக்ஸ்டென்ஷன் நீங்க டைப் பண்றதையே நிறுத்திடாது. ஆனா அந்தத் தனி புராசஸ் இந்த எக்ஸ்டென்ஷன் எல்லாத்துக்கும் பொது. அங்க ஒருத்தர் சிபியூவைப் பிடிச்சு வச்சுக்கிட்டா மத்தவங்க வரிசையில நிக்கணும். சேவ் பண்ணினா ஃபார்மேட் ஆக நேரம் ஆகும், சஜஷன் தாமதமா வரும்.

கமாண்ட் பேலட்ல "ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்"னு இருக்கு. எது முழிச்சுக்க எத்தனை மில்லிசெகண்ட் எடுக்குதுன்னு காட்டும். "எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்"னு இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் வம்பு பண்ணுது, எதுன்னு தெரியல. இது பாதியை அணைச்சுட்டு "இப்ப சரியா இருக்கா?"ன்னு கேக்கும். இருக்கு, இல்லன்னு சொல்லச் சொல்ல மறுபடி பாதி, மறுபடி பாதி. முப்பத்திரண்டு எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் அஞ்சாறு கேள்வியில குற்றவாளி சிக்கிடும். காலேஜ்ல படிச்ச பைனரி சர்ச் இப்படி நேருக்கு நேர் உதவுறதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்.

சிலதுக்கு வேலையே முடிஞ்சு போச்சு, ஆனா நாம தூக்காம வச்சிருப்போம். பிராக்கெட்டுக்குக் கலர் போடுற பிராக்கெட் பேர் கலரைசர் ஞாபகம் இருக்கா? எல்லார் லிஸ்ட்லயும் இருந்தது. பெரிய ஃபைல்ல திணறும். 2021 ஆகஸ்ட் வெர்ஷன்ல (1.60) விஎஸ் கோட் டீம் அதை எடிட்டருக்குள்ளயே புது டேட்டா ஸ்ட்ரக்சர் வச்சு எழுதினாங்க, பத்தாயிரம் மடங்கு வேகம்னு அவங்களே பதிவு போட்டாங்க. அந்த எக்ஸ்டென்ஷனை உருவாக்கினவரும் இனி இது தேவையில்லைன்னு அறிவிச்சுட்டார். ஒரு தனி ஆள் எழுதினது அவ்வளவு பேருக்குப் பயன்பட்டு, கடைசியில எடிட்டரோட ஒரு பகுதியாவே ஆயிடுச்சு. எனக்கு அது தோல்வியாத் தெரியல, ஒரு எக்ஸ்டென்ஷனுக்குக் கிடைக்கிற உச்சபட்ச மரியாதை அதுதான். ஆனா உங்க மெஷின்ல அது இன்னும் இருந்தா இன்னிக்கே தூக்குங்க.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். எக்ஸ்டென்ஷனுக்கு வேலி கிடையாது. நீங்க உங்க கம்ப்யூட்டர்ல என்னவெல்லாம் செய்யலாமோ, அதெல்லாம் அதுவும் செய்யலாம். ஃபைல் படிக்கலாம், பாஸ்வேர்ட் வச்சிருக்கிற ஃபைலையும்தான். நெட்ல அனுப்பலாம். 2023 ஜனவரியில அக்வா செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர்கள் ப்ரெட்டியர் மாதிரியே பேரு, படம் எல்லாம் வச்சு ஒரு போலியை விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன் மார்க்கெட்பிளேஸ்ல போட்டுப் பார்த்தாங்க. ரெண்டே நாள்ல ஆயிரம் பேருக்கு மேல இறக்கிட்டாங்க! அதனால இன்ஸ்டால் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி பப்ளிஷர் பேரைப் படிங்க. சோர்ஸ் எங்க இருக்குன்னு பாருங்க. வெறும் கலர் தீமுக்கு ஜேசன் ஃபைலே போதும். தீம்னு சொல்லிட்டு உள்ள நிறைய ஜாவாஸ்கிரிப்ட் வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.

எங்க டீம்ல இப்ப ஒவ்வொரு புராஜெக்ட்லயும் விஎஸ் கோட் ஃபோல்டருக்குள்ள, சிபாரிசு பண்ற எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் ஃபைல் ஒண்ணு போட்டு வச்சுட்டோம். புதுசா வர்றவங்க புராஜெக்டைத் திறந்ததும் எடிட்டரே "இதெல்லாம் போட்டுக்கறீங்களா"ன்னு கேக்கும். பேரைத் தப்பா அடிச்சு போலியைப் போடுற ஆபத்தும் குறையும்.

கடைசியா எனக்கு ரொம்ப நெருக்கமான ஒண்ணு. நாம எழுதுற எக்ஸ்டென்ஷன்.

எங்க சாஃப்ட்வேர்ல கஸ்டமர் பேரு தமிழ்லயே இருக்கும். கடைக்காரம்மா ஒருத்தங்க போன் பண்ணினாங்க. "கண்ணு, சௌந்தர்னு தேடினா வர மாட்டேங்குது, ஆனா லிஸ்ட்ல கண்ணுக்கு முன்னாடி இருக்கு." போய்ப் பார்த்தா அவங்க சொல்றது நிஜம். தேடுற இடத்துல "சௌந்தர்". லிஸ்ட்ல "செளந்தர்". உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா? பல ஃபான்ட்ல தெரியவே தெரியாது. முதல்ல இருக்கிறது ச-வோட ஔகாரக் குறி, யூனிகோட்ல ஒரே குறி. ரெண்டாவது, ச-வுக்கு ஒத்தைக் கொம்பு போட்டு, பக்கத்துல ள-ங்கற முழு எழுத்தை வச்சது. மனுசனுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கொம்பையும் ள-வையும் சேர்த்து அடிச்சுத்தான் பழக்கம். அந்தப் பழக்கம் யூனிகோட்லயும் தொடருது. மெளனம், கெளரி, பெளர்ணமின்னு எங்க டெஸ்ட் டேட்டா, மெனு பேரு, மெசேஜ் ஃபைல் எல்லாத்துலயும் கிடந்துச்சு.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு ஏற்கெனவே வழி இருக்கு. கிரெம்லின்ஸ் ட்ராக்கர்னு ஒரு எக்ஸ்டென்ஷன், வாட்ஸாப்லேர்ந்து காப்பி பண்ணும்போது ஒட்டிக்கிட்டு வர்ற அகலமே இல்லாத ஸ்பேஸை வரி ஓரத்துல காட்டிக் கொடுத்துடும். விஎஸ் கோடும் 2021 கடைசியிலேர்ந்து அது மாதிரி எழுத்தைக் கட்டம் போட்டுக் காட்டுது. ஆனா கொம்பும் ள-வும் முறையான தமிழ் எழுத்து. அதை எப்படித் தப்புன்னு சொல்லும்? தமிழ் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்.

அதனால எழுதினேன். யோமன்னு ஒரு டூல் வெறும் கூட்டைப் போட்டுக் கொடுத்துடும், உள்ள நம்ம லாஜிக் மட்டும்தான். விதி ரொம்ப எளிசு: ஒரு மெய்யெழுத்து, அதுக்கு ஒத்தைக் கொம்பு, அடுத்து ள, அந்த ள-வுக்கு அப்புறம் உயிர்க்குறியும் இல்ல புள்ளியும் இல்லன்னா சந்தேகப்படு. "தெளிவு"ல ள-வுக்கு இகரக் குறி இருக்கு, அதனால தப்பிச்சுடும். "வெள்ளி"ல புள்ளி இருக்கு, அதுவும் தப்பிச்சுடும். "மெளனம்" மாட்டும். மஞ்சள் நெளிகோடு வரும், பல்பை அழுத்தினா சரியான குறிக்கு மாத்திடும். எரர்னு போடல, வார்னிங்தான். எங்கயாவது ஒரு ஊர் பேரு, ஆள் பேரு விதியை மீறி வரலாம், அதைத் திருத்த மெஷினுக்கு உரிமை கொடுக்க எனக்கு மனசில்ல. மார்க்கெட்பிளேஸ்ல போடல, விசிக்ஸ் ஃபைலா கட்டி ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்துட்டேன். ரன் பண்ணின அன்னிக்கு மெசேஜ் ஃபைல் பூரா மஞ்சளா மின்னுச்சு. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

நம்ம தம்பிதான் அடுத்ததைக் கண்டுபிடிச்சார். "அக்கா, ஸ்ரீ-யும் ரெண்டு விதமா வருதுங்க்கா." ஆமா. ஸ-வுல ஆரம்பிச்சும் எழுதலாம், 2005-ல யூனிகோட்ல சேர்ந்த ஶ-வுல ஆரம்பிச்சும் எழுதலாம். பார்க்க ஒண்ணே. எங்க கஸ்டமர்ல பாதிக் கடைக்குப் பேரு ஸ்ரீ-லதான் ஆரம்பிக்குது. இந்த விதியை அவரையே எழுதச் சொல்லியிருக்கேன். நேத்து ராத்திரி முதல் வெர்ஷன் அனுப்பினார், நாளைக்கு உக்காந்து பார்க்கணும்.